சுறாவுக்குக் கீழே: பவளத்திட்டு உணவு வலையில் வேட்டைமீன்கள்



பவளத்திட்டுகளைப் பற்றிப் பேசும்போது மேடைகளிலும் ஆவணப்படங்களிலும் ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது. சுறா களவாவைத் தின்னும். களவா கிளிமீனைத் தின்னும். கிளிமீன் பாசியை மேயும். மேய்ச்சல் இல்லாத பாசி பவளத்தை மூடிவிடும். ஆகவே சுறாவைப் பிடித்துத் தீர்த்தால் களவா பெருகும், கிளிமீன் குறையும், பாசி மண்டும், பவளம் சாகும். கேட்பதற்குத் தெளிவான கதை. மாணவர் மனத்தில் உடனே பதிந்துவிடும். வேட்டைமீன்கள் இல்லாத பவளத்திட்டு நலமாக இராது என்ற அதன் முடிவை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு அது போகும் வழிக்குச் சான்று மிகக் குறைவு. வேறொரு வழிக்கோ சான்று நிறைய இருக்கிறது. அந்த வழி உச்சியில் இருக்கும் சுறாவிலிருந்து தொடங்குவதில்லை. கிளாத்தி, விளைமீன், களவா என்று நடுவே இருக்கும் மீன்களின் வாயிலிருந்தும் அவற்றின் உடல் அளவிலிருந்தும் தொடங்குகிறது. இதை நிறுவுவதே இன்றைய உரையின் நோக்கம்.

கதை பவளத்திட்டில் பிறந்ததல்ல. ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் 1960இல் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள்: தழை தின்னும் உயிர்கள் இத்தனை இருந்தும் நிலம் எப்படிப் பசுமையாகவே இருக்கிறது? அவ்வுயிர்களை வேட்டையாடும் விலங்குகள் அவற்றின் தொகையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே காரணம் என்பது அவர்கள் தந்த விடை. சில ஆண்டுகளில் ராபர்ட் பெய்ன், வாஷிங்டன் மாநிலத்தின் பாறைக் கரையிலிருந்த நட்சத்திரமீன்களைப் பெயர்த்துக் கடலுக்குள் வீசிப் பார்த்தார். அவை தின்றுவந்த சிப்பியினம் பாறையெங்கும் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளியது. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 மிஞ்சின. 1974இல் எஸ்டிஸும் பால்மிசானோவும் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில், கடல் நீர்நாய் இருக்கும் இடத்தில் கடல் முள்ளெலி குறைந்து கடற்பாசிக் காடு தழைப்பதையும், நீர்நாய் இல்லாத இடத்தில் முள்ளெலி பெருகிக் காடு அழிவதையும் காட்டினார்கள். மூன்றும் அறிவியலில் நிலைத்த பணிகள். ஆனால் அலூஷியன் கடலில் முள்ளெலியை அந்த அளவுக்குத் தின்ன நீர்நாயை விட்டால் வேறு விலங்கு கிடையாது. ஒரு பவளத்திட்டிலோ நூற்றுக்கணக்கான மீனினங்கள் ஒன்றையொன்று பல வழிகளில் தின்று வாழ்கின்றன. ஓரினம் குறைந்தால் அது செய்த வேலையில் ஒரு பங்கை இன்னொன்று எடுத்துக்கொள்ளக்கூடும். குளிர்க்கடலின் நேர்ச்சங்கிலியை இங்கே கொண்டுவந்து பொருத்தும் முன் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

சுறாவின் செல்வாக்குக்குச் சான்றாக முதலில் வைக்கப்படுவது ஆளில்லாத் தீவுகளின் கணக்கு. ஃபிரைட்லாண்டரும் டிமார்ட்டினியும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் குடியிருப்பு ஏறக்குறைய இல்லாத வடமேற்கு ஹவாய்த் தீவுகளில் மீன்களின் மொத்த எடையில் 54 விழுக்காடு பெரிய வேட்டைமீன்களுடையது. மக்கள் வாழும் முதன்மைத் தீவுகளில் அது 3 விழுக்காடு. நடுப் பசிபிக்கின் லைன் தீவுகளில் 2005இல் நடந்த கடல்பயணத்தில், ஆளில்லாத கிங்மன் திட்டில் 85 விழுக்காடும், சில ஆயிரம் பேர் வாழும் கிரிட்டிமாட்டியில் 19 விழுக்காடும் கிடைத்தன. பாசி அடியில் பரந்து, மேயும் மீன் அதைவிடக் குறுகி, வேட்டைமீன் உச்சியில் சிறுத்து நிற்கும் என்று நாம் படித்த கூம்பு இங்கே தலைகீழாக நிற்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே ஏறுகிறது என்பது பொதுக்கணக்கு. அப்படியிருக்க இது எப்படி நடக்கும்?

இரு விடைகள் உண்டு. இரண்டும் சுறாவை உச்சியிலிருந்து சற்று இறக்கி வைக்கின்றன. முதலாவது, எண்ணும் முறையின் குறை. முக்குளிப்பவர் நீந்திக்கொண்டே எண்ணும்போது, விரைந்து திரியும் சுறா அவர் பார்வைக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளைக் கண்டு ஆர்வத்தோடு நெருங்கவும் செய்கிறது. லைன் தீவுகளிலேயே ஒன்றான பால்மைராவில் சுறாக்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் பிடித்துக் கணக்கிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 21 சாம்பல் சுறாக்களே இருந்தன. நீந்தி எண்ணியவர்கள் முன்பு சொன்னது இதைப்போல் பல மடங்கு. இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது: எடை என்பது இருப்பு; உணவு என்பது வரத்து. பெட்டிக்கடையில் ஒரு நேரத்தில் இருக்கும் சரக்கைப் பார்த்து அந்த மாதத்து விற்பனையைச் சொல்லிவிட முடியாது அல்லவா? பவள இடுக்குகளில் விரல்நீளம்கூட இல்லாத மீன்கள் பிறந்து, வளர்ந்து, இரையாகி, மீண்டும் பிறக்கும் வேகம் மிக அதிகம். திட்டில் தின்னப்படும் மீன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு இந்தச் சிறு மீன்களிடமிருந்து வருவதாக 2019இல் பிராண்டலும் உடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டார்கள்.

வரத்து வெளியிலிருந்தும் வரும். பிரெஞ்சு பாலினீசியாவில் ஃபக்கராவா பவளத்தீவின் தென்வாய்க்கால் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்தக் குறுகிய வாய்க்காலில் 700 வரை சாம்பல் சுறாக்கள் கூடுவதை ஜோஹான் மூரியேயும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் பதிவு செய்தார்கள். வாய்க்காலில் நிலையாக வாழும் மீன்களைக் கொண்டு அத்தனை சுறாக்களுக்கு ஆண்டு முழுவதும் தீனி போட முடியாது. ஆண்டுக்கொரு முறை களவாக்கள் பத்தாயிரத்துக்கும் மேலாக அங்கே முட்டையிடக் கூடுகின்றன. சுறாக்கள் இரவுதோறும் அவற்றை வேட்டையாடுகின்றன. மற்ற நாட்களில் பல சுறாக்கள் இரை தேடி வெளியே போகின்றன. அந்நாட்டில் 2006 முதல் சுறாப் பிடிப்புக்குத் தடை உண்டு. அதன் பயன் கண்கூடு. ஆனால் களவாக்கள் கூடும் அந்தச் சில வாரங்களில் வலை விழுந்தால், சுறாவைத் தொடாமலேயே சுறாக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம். கரீபியக் கடலில் நாசோ களவாவின் கூடுமிடங்கள் பல இப்படித்தான் பிடித்து ஒழிக்கப்பட்டன. உச்சி நடுவை நம்பி நிற்கிறது.

இப்போது கதையின் நடுக்கண்ணியைச் சோதிப்போம். சுறா போனால் களவா போன்றவை பெருகுகின்றனவா, கிளிமீன் குறைகிறதா? மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால், இந்தோனேசிய மீனவர் சுறா பிடித்துவந்த ஸ்காட் திட்டையும் பாதுகாக்கப்பட்ட ரௌலி திட்டுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013இல் ஆம் என்றது. இரண்டுக்கும் இடையே சில நூறு கிலோமீட்டர் தொலைவு. 1998இன் வெப்பத்தில் ஸ்காட் திட்டு பெரும்பகுதிப் பவளத்தை இழந்தும் இருந்தது. இரண்டு இடங்களின் வேறுபாட்டைச் சுறாவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் கிழக்கே பெரும் பவளத்திட்டில், மீன்பிடிக்கும் பகுதி, பிடிக்கக்கூடாத பகுதி, ஆளே நுழையக்கூடாத பகுதி மூன்றையும் ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வில் படிப்படியாக இறங்கும் விளைவு தென்படவில்லை. காரணம் சுறாவின் உணவிலேயே இருக்கிறது. திட்டில் நாம் வழக்கமாகப் பார்க்கும் சுறாக்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்கு உட்பட்டவை. அவற்றின் தசையிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்து பார்த்தால், அவை பெரிய களவாக்களுக்கு மேல் படியில் இல்லை. அதே படியில் நிற்கின்றன. களவாவை அடக்கும் அரசராகச் சொல்லப்பட்ட சுறா, உண்மையில் அதே சிறுமீனுக்கும் கணவாய்க்கும் போட்டியிடும் பங்காளி.

கதையின் அடுத்த கண்ணியை முறித்துப் போட்டது பஹாமாஸ். அங்கே எக்சூமா கடற்பூங்காவில் 1986 முதல் மீன்பிடிக்கு முழுத் தடை. நாசோ களவா உள்ளிட்ட வேட்டைமீன்கள் வெளியே இருப்பதைவிடப் பூங்காவுக்குள் மிக அதிகம். சங்கிலிக் கதை சரியானால், களவா மிகுந்த இடத்தில் கிளிமீன் குறைந்து பாசி மண்டியிருக்க வேண்டும். பீட்டர் மம்பி குழுவினர் 2006இல் கண்டது நேர்மாறு. சிறிய கிளிமீன் இனங்கள் களவாவுக்கு இரையாகின்றன, உண்மைதான். பெரிய இனங்களோ ஓரளவு வளர்ந்தபின் களவாவின் வாய்க்குள் அடங்குவதில்லை. மனிதனும் பிடிக்காத பூங்காவில் அவை முழு வளர்த்தியை எட்டி, பாசியைப் பலமாகச் சுரண்டுகின்றன. மொத்த மேய்ச்சல் இரு மடங்கானது. பாசி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு மீன் எதற்கு இரை என்பதை அதன் இனம் மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த நேரத்தில் அதன் நீளமும் முடிவு செய்கிறது. அம்புக்குறி போட்டு வரையும் உணவு வலைப் படங்களில் இந்த நீளத்துக்கு இடமே இல்லை. நம் பாடநூல்களின் பெரிய குறைகளில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

அப்படியானால் வேட்டைமீன்களின் கை திட்டில் எங்கே ஓங்கியிருக்கிறது? முள்ளுடம்பு உயிர்களிடம். கென்யக் கடற்கரையின் மலிந்தி, வட்டாமு கடற்பூங்காக்கள் 1968இல் ஏற்பட்டவை. டிம் மெக்லனகனும் நியாவிரா முத்திகாவும் பிறரும் அங்கே பூங்காக்களையும் மீன்பிடி நடக்கும் திட்டுகளையும் பல்லாண்டுகள் ஒப்பிட்டார்கள். கடல் முள்ளெலிகளை நூலில் கட்டிக் கடலடியில் விட்டு, நாளடைவில் எத்தனை தின்னப்பட்டன என்று எண்ணினார்கள். எளிய சோதனை, ஆனால் நேரடியானது. 1990இல் வெளியான முடிவின்படி, பாதுகாப்பில்லாத திட்டுகளில் முள்ளெலிகள் 100 மடங்குக்கும் மேல் அடர்த்தி. அவை வேட்டையாடப்படும் வேகமோ நான்கில் ஒரு பங்கு. முள்ளெலியைத் தின்பதில் முதன்மையான மீன், ஆரஞ்சு நிற வரிகள் ஓடும் ஒரு கிளாத்தி. ஒரு முழம்கூட வளராதது. சுவரொட்டியில் யாரும் படம் போடாத மீன். அது இல்லாத இடத்தில் முள்ளெலி பாசியைச் சுரண்டுவதோடு நிற்பதில்லை. பவளச் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்துக் குழி தோண்டுகிறது. திட்டு வளரும் வேகத்தை மிஞ்சித் தேய்கிறது. மேயும் மீனுக்கும் பாசி மிஞ்சுவதில்லை. கிளாத்தி திரும்பி வருவதும் மெதுவாகவே நடக்கிறது: மீன்பிடி நின்றபின் அதன் தொகை தேறப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகிறது.

ஃபிஜியின் லாவ் தீவுகளில் இதே வடிவம் வேறொரு முள்ளுயிரிடம் தெரிகிறது. நிக் டல்வியும் வேறு இருவரும் 13 தீவுகளை மீன்பிடி அளவின் வரிசையில் ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். மீன்பிடி மிகும்தோறும் வேட்டைமீன்களின் அடர்த்தி 61 விழுக்காடு வரை சரிந்தது; பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன் ஆயிரம் மடங்கு அளவில் பெருகியது; திட்டைக் கட்டும் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் 35 விழுக்காடு குறைந்து, அங்கே இழைப்பாசி படர்ந்தது. பெரும் பவளத்திட்டின் நடுப்பகுதித் திட்டுகளில், மீன்பிடி நடக்கும் இடங்களில் முட்கிரீடப் பெருக்கம் தடைசெய்யப்பட்ட இடங்களைப்போல் 3.75 மடங்கு அடிக்கடி நேர்ந்ததென்று ஹ்யூ ஸ்வெட்மன் 2008இல் கண்டார். பின்னர் மீன்களின் குடலிலும் கழிவிலும் மரபணுவைத் தேடியபோது, 18 மீனினங்களில் முட்கிரீடத்தின் தடயம் கிடைத்தது. முட்கிரீடத்தைத் தின்பது ஒரே ஒரு காவலன் அல்ல. பல இனங்கள் அதன் வாழ்க்கையின் பல கட்டங்களில் சிறிது சிறிதாகத் தின்கின்றன.

ஜமைக்காவை இங்கே தவிர்க்க முடியாது, ஏனெனில் அது என் வாதத்துக்கு எதிராகக் காட்டப்படும் சான்று. அங்கே 1983இல் நோய் வந்து நீள்முள் கடல் முள்ளெலி ஏறக்குறைய முழுவதும் மடிந்தது. பவளப் பரப்பு 1977இன் 52 விழுக்காட்டிலிருந்து 1993இல் 3 ஆக விழுந்தது, பாசிப் பரப்பு 4இலிருந்து 92 ஆக ஏறியது. கென்யாவில் முள்ளெலி பெருகியதால் கேடு, ஜமைக்காவில் முள்ளெலி அழிந்ததால் கேடு. எது உண்மை என்று கேட்கிறார்கள். இரண்டும் உண்மை. ஜமைக்காவில் மீன்பிடிக் கம்பிக்கூடுகள் பல்லாண்டுகளாக மேயும் மீன், முள்ளெலி தின்னும் மீன் இரண்டையும் வாரிக்கொண்டு போயிருந்தன. எதிரியும் போட்டியாளரும் இல்லாத முள்ளெலி தனியாக நின்று பாசியை அடக்கிவந்தது. ஒரே இனத்தின்மேல் தொங்கிய அந்த ஏற்பாட்டை 1980இன் ஆலன் புயல் உலுக்கியது, நோய் முடித்துவைத்தது. வேட்டைமீன்கள் பலவாக இருக்கும் திட்டில் எந்த முள்ளெலியும் அத்தகைய தனிப்பொறுப்புக்கு உயராது. ஆகவே ஜமைக்கா என் வாதத்தை மறுக்கவில்லை; அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

வேட்டைமீன் தின்று மட்டும் ஆள்வதில்லை, அச்சத்தாலும் ஆள்கிறது. லிசார்டு தீவில் ரிசாரியும் உடனிருந்தோரும் சுறா, பெரிய களவா, சிறிய களவா ஆகியவற்றின் பொம்மைகளைக் கடலடியில் நிறுத்திப் பக்கத்தில் கடற்பாசிக் கொத்துகளை வைத்தார்கள். சுறா பொம்மையும் பெரிய களவாப் பொம்மையும் நின்ற இடத்தில் மேயும் மீன்கள் வாய் வைப்பது வெகுவாகக் குறைந்தது. சிறிய களவாவை அவை பொருட்படுத்தவில்லை. இங்கேயும் அளவுதான் பேசுகிறது. தனித்த பவளக் கற்களைச் சுற்றி வெறும் மணல் வளையங்கள் செயற்கைக்கோள் படத்திலும் தெரிவதுண்டு. மறைவிடத்தைவிட்டு வெகுதூரம் போகத் துணியாத மீன்கள் அருகிலேயே மேய்வதால் ஏற்படும் தடம் என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். அச்சம் மேய்ச்சலைக் குறைப்பதால் சுறாவும் களவாவும் பவளத்துக்குத் தீமையா என்று கேட்கலாம். மேய்ச்சல் குறைவதைக் காட்டிலும் அது இடம் மாறுவதே அதிகம். ஓரிடத்தில் பாசி தங்கினால் இன்னோரிடத்தில் குஞ்சுப் பவளம் ஒட்டிக்கொள்ள வெறும் பாறை கிடைக்கிறது.

நடுநிலை வேட்டைமீன் ஒன்றின் வலிமையை ஐயமறக் காட்டியது வேண்டாத ஒரு நிகழ்வு. இந்திய, பசிபிக் கடல்களுக்குரிய சிங்கமீன் அட்லாண்டிக்கில் நுழைந்து கரீபியம் முழுவதும் பரவியது. பஹாமாஸில் சிறு திட்டுகளில் ஆல்பின்ஸும் ஹிக்சனும் செய்த சோதனையில், திட்டுக்கு ஒரு சிங்கமீனை விட்டதும் ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்கள் 79 விழுக்காடு குறைந்தன. இது பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாத மீன். பிறந்த கடலில் இதே மீன் அப்படி எதையும் செய்வதாகத் தெரியவில்லை. அங்கே இரை அதை அறியும், பிற வேட்டைமீன்களும் உடனிருக்கும். ஒரு மீனின் செல்வாக்கு அதன் உடம்பில் மட்டும் இல்லை, அது நிற்கும் கூட்டத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை நாமாக அமைத்திருக்க முடியாது.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். கடல் சூடேறும்போது மீனைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பது முதலாவது. இதன் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடுப் பசிபிக்கின் ஜார்விஸ் தீவில் மனிதர் இல்லை, வேட்டைமீன்கள் மிகுதி. 2015–16இன் எல் நினோ வெப்பத்தில் அங்கே பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பவளம் செத்தது. எந்தச் சுறாவும் எந்தக் கிளாத்தியும் கடல்நீரைக் குளிர்விக்காது. ஆனால் வெப்பத்துக்குப் பிறகு மிஞ்சிய பவளத்தை முட்கிரீடம் தின்னுமா, செத்த எலும்புக்கூட்டை முள்ளெலி அரைத்துத் தூளாக்குமா, புதுக் குஞ்சு ஒட்ட இடமிருக்குமா என்பவை மீன்கள் முடிவு செய்யும் கேள்விகள். உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பு உலகத்துடையது. மீன்களைக் காப்பது திட்டை ஒட்டி வாழும் ஊரின் கைக்குள் இருப்பது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட முடியாது.

சுறா உச்சிக் காவலன் இல்லையென்றால் அதைக் காப்பானேன் என்பது இரண்டாவது. 58 நாடுகளில் 371 திட்டுகளில் இரைவைத்த ஒளிப்பதிவுக் கருவிகளை இறக்கிப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு திட்டில் சுறாவே தென்படவில்லை. இதை நான் பேரிழப்பாகவே கருதுகிறேன். பாசிக்கும் சுறாவுக்கும் இடையே ஒரு நேர்க்கோட்டை நிறுவினால்தான் சுறாவுக்கு வாழும் உரிமை கிடைக்கும் என்பதில்லை. பலவீனமான வாதத்தின்மேல் பாதுகாப்பைக் கட்டினால், அந்த வாதம் விழும் நாளில் பாதுகாப்பும் விழும். அது மட்டுமல்ல, சுறாவுக்குத் தடை விதித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கும்போது, கிளாத்தியும் விளைமீனும் களவாவும் கணக்கில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கீழக்கரைப் பக்கத்து மீனவர்கள் பவளப் பார்களின் ஓரம் கூடு போட்டுக் களவா, விளைமீன், கிளிமீன், ஓரா பிடிப்பது பழைய தொழில். கென்யாவிலும் ஜமைக்காவிலும் திட்டின் நடுநிலை மீன்களை எடுத்தவற்றில் இதே வகைக் கூடுகளும் உண்டு. கூட்டுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, பின்னுபவருக்குத் தெரியும். கென்யாவில் கூட்டின் ஓரத்தில் குறுகிய இடைவெளி விட்டுப் பின்னிச் சோதித்தபோது, குஞ்சுகளும் மெலிந்த உடல் மீன்களும் தப்பின, பிடிபட்ட மீன்களின் அளவு கூடியது, மீனவர் வருவாயும் உயர்ந்தது. தடித்த உடல் கொண்ட கிளாத்தி அந்த இடைவெளியில் நுழைந்து போகாது. அதைக் கையால் எடுத்துத்தான் கடலில் விட வேண்டும். பெரிய விலைக்குப் போகும் மீன் அல்ல அது. ஆழமில்லாத பாரில் கூட்டைத் தூக்கும்போது பெரும்பாலும் உயிரோடு இருக்கும். களவா கூடி முட்டையிடும் இடங்களையும் காலத்தையும் மீனவர்களிடமே கேட்டறிந்து, அந்த நாட்களுக்கு மட்டும் அவ்விடங்களை மூடுவது அடுத்த வேலை. திட்டைக் கணக்கெடுப்பவர்கள் பவளப் பரப்போடு நிறுத்தாமல், கிளாத்தி எத்தனை, களவா எவ்வளவு நீளம், முள்ளெலி எத்தனை என்று ஆண்டுதோறும் ஒரே இடங்களில் எழுதிவைக்க வேண்டும். நூலும் அளவுகோலும் நீந்தத் தெரிந்த இரண்டு மாணவர்களும் போதும். இந்த அவையிலிருந்தே தொடங்கலாம்.